வடக்கே போன நான்கு அணிகளும் வீட்டில் நின்ற ஒன்றும்

2025 மே 31 அன்று டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்தில் உள்ளூர் ஷார்க்ஸும் அயர்லாந்தின் மன்ஸ்டரும் மோதிய யுனைட்டெட் ரக்பி சாம்பியன்ஷிப் காலிறுதி, எண்பது நிமிடங்களோடு கூடுதல் நேரமும் சேர்த்து நூறு நிமிடங்கள் ஆடியும் 24-24 என்ற கணக்கிலேயே நின்றுவிட்டது. முடிவைத் தீர்மானிக்க இரு அணிகளிலிருந்தும் மும்மூன்று பேர் வந்து, 22 மீட்டர் கோட்டிலிருந்து மாறிமாறிக் கம்பங்களை நோக்கிப் பந்தை உதைத்தார்கள். ஷார்க்ஸின் ஜேடன் ஹென்ட்ரிக்ஸ காலில் தசை பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தார். அடுத்து உதைக்கக் காத்திருந்த மன்ஸ்டரின் ஜாக் கிரௌலியைப் பார்த்து, கிடந்தபடியே கண்ணைச் சிமிட்டினார். மன்ஸ்டரின் ரோரி ஸ்கேனல் உதைத்த ஒரு பந்து தவறியது. 6-4 என்று ஷார்க்ஸ் வென்றது. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆட்டம் முடிந்ததும் கிங்ஸ் பார்க்கைச் சுற்றியுள்ள புல்தரைகளில் குடும்பம் குடும்பமாக அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவது டர்பனின் பழைய வழக்கம். பிராய் என்று இங்கே எல்லாரும் சொல்லும் அந்த நெருப்பைச் சுற்றி நின்றுகொண்டு, அப்போதுதான் வென்ற களிப்பு அடங்குவதற்குள், என் நண்பர்கள் பல ஆண்டுகளாக முடியாமல் கிடக்கும் ஒரு வாதத்தை மறுபடி தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்க அணிகள் ஐரோப்பாவின் லீகில் சேர்ந்தது சரியா, நியூசிலாந்தோடும் ஆஸ்திரேலியாவோடும் ஆடிய பழைய லீகுக்கே திரும்பிவிட வேண்டுமா என்பதே அந்த வாதம். ஒருவர் மன்ஸ்டரை வீழ்த்திய மகிழ்ச்சியில் வடக்கே நம் இடம் என்றார். இன்னொருவர், நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச்சின் குருசேடர்ஸை வென்ற நாளுக்கு இது ஈடாகுமா என்று கேட்டார். நான் கண்டியில் பிறந்து, பள்ளி நாள்களில் நித்தவலை மைதானத்தின் ஓரத்தில் நின்று ரக்பி பழகிய தமிழன். கப்பல் துறை வேலைக்காக டர்பனுக்கு வந்து இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன். அன்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதன்பின் இதை நிதானமாக எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பழைய கதையை அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னால் போகிறேன். ரக்பி யூனியன் 1995-இல் தொழில்முறை ஆட்டமானது. அடுத்த ஆண்டே தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பன்னிரண்டு அணிகள் கூடி சூப்பர் 12 என்ற போட்டியைத் தொடங்கின. தரத்தில் அதற்கு நிகராக உலகில் வேறொன்று இல்லை என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் மிகைப்படுத்தவில்லை. ஆனால் நடத்தியவர்களுக்குப் போதும் என்ற மனம் வரவில்லை. பன்னிரண்டு பதினான்காகி, பதினைந்தாகி, 2016-இல் அர்ஜென்டினாவின் ஹகுவாரெஸையும் ஜப்பானின் சன்வுல்வ்ஸையும் தென்னாப்பிரிக்காவிலிருந்து மேலும் ஓர் அணியையும் சேர்த்துப் பதினெட்டாக வீங்கியது. யார் யாரோடு ஆடுகிறார்கள், யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதை விளக்க ரசிகனுக்கே தாளும் பென்சிலும் தேவைப்பட்ட நிலை அது. மறு ஆண்டே சுமை தாங்காமல் அணிகளைக் குறைக்க முடிவெடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வெட்டுப்பட்டவை புளூம்ஃபோன்டைனின் சீட்டாஸும் போர்ட் எலிசபெத்தின் சதர்ன் கிங்ஸும். அந்த இரண்டு அணிகளும் 2017-இலேயே வடக்கே சென்று, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி அணிகள் ஆடிய ப்ரோ14 லீகில் இடம் பிடித்தன. வழியை முதலில் வெட்டியவர்கள் அவர்கள்தான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதன் முடிவில் அதற்குத் திரும்பி வருவேன்.

2020-இல் பெருந்தொற்று எல்லைகளை மூடியபோது நியூசிலாந்து தன் அணிகளை மட்டும் வைத்து ஒரு போட்டியை நடத்தி, எதிர்காலத்திலும் தென்னாப்பிரிக்கா இல்லாத ஏற்பாட்டையே நோக்குவது தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தென்னாப்பிரிக்க ரக்பியின் பொதுக்குழு வடக்கு நோக்கி வாக்களித்தது. 2021-இல் புல்ஸ், லயன்ஸ், ஷார்க்ஸ், ஸ்டார்மர்ஸ் ஆகிய நான்கு பெரிய அணிகளும் சேர்ந்து பதினாறு அணிகள் கொண்ட யுனைட்டெட் ரக்பி சாம்பியன்ஷிப் பிறந்தது. ஓர் ஆண்டு கழித்து அந்த நான்கிற்கும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையின் கதவும் திறந்தது. இந்தியப் பெருங்கடலின் கரையில் இருக்கும் ஒரு நகரத்தின் அணி ஐரோப்பியக் கோப்பைக்கு ஆடுவது என்ன நியாயம் என்று அயர்லாந்திலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ரசிகர்கள் கேட்டார்கள். கேள்வியில் தவறில்லை.

தெற்கே திரும்ப வேண்டும் என்பவர்களின் ஏக்கத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். என் வீட்டுக்கு எதிரே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்து இறங்கிய பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் பிறந்தவர். தமிழ் பேச வராது, ஆனால் என் மனைவி வைக்கும் மீன் குழம்பின் புளிப்பை வைத்தே அது இன்று வைத்ததா நேற்று வைத்ததா என்று சொல்லிவிடுவார். இங்கே மூத்தவர்களை அழைக்கும் வழக்கப்படி அவரை மாமா என்றுதான் நான் அழைக்கிறேன். பல ஆண்டுகள் சனிக்கிழமை காலை அவருக்கு நியூசிலாந்தின் மாலையாக இருந்தது. அங்கே இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பருவத்தைப் பொறுத்து காலை எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ திரையில் வரும். தேநீரும் ரொட்டியும் கையில் வைத்துக்கொண்டு அவரும் அவருடைய தம்பிமாரும் உட்கார்ந்துவிடுவார்கள்; முதல் ஆட்டம் முடிந்து ஆஸ்திரேலிய ஆட்டம், அது முடிந்து நம் ஊர் ஆட்டம் என்று நாள் முழுவதும் ரக்பியாகவே கழியும். அந்தச் சனிக்கிழமையைத்தான் தன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்பார்.

இதற்குள் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. இனவொதுக்கல் காலத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு மைதானத்தில் தனிப் பகுதி; தேசிய அணியில் அவர்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. ஆகவே வருகிற வெளிநாட்டு அணி எதுவோ அதுவே அவர்களுடைய அணி. கேப்டவுனில் அந்தப் பழக்கம் தலைமுறை கடந்து வந்து, நியூசிலாந்தின் குருசேடர்ஸ் அணியைத் தங்கள் அணியாக வரித்துக்கொண்ட கேப் குருசேடர்ஸ் என்ற ரசிகர் கூட்டமாகவே நிலைத்தது. நியூலண்ட்ஸ் மைதானத்தில் உள்ளூர் ஸ்டார்மர்ஸுக்கு எதிராக அவர்கள் எழுப்பிய முழக்கத்தை விளங்கிக்கொள்ள இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும். லீக் மாறியதும் அவர்களுடைய அணி இந்த நாட்டுக்கு வருவதே நின்றுவிட்டது. பயணத் தூரத்தையும் ஒளிபரப்புப் பணத்தையும் கணக்கிட்டவர்கள் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே மாமாவிடம் வேறொரு நினைவும் உண்டு. 1974-இல் வில்லி ஜான் மெக்பிரைடு தலைமையில் பிரித்தானிய, அயர்லாந்து லயன்ஸ் அணி இங்கே சுற்றுப்பயணம் வந்தபோது, கிங்ஸ் பார்க்கில் எங்கள் மாகாணத்தின் நேட்டால் அணியை 34-6 என்று வென்றது. அன்று பதின்வயதுப் பையனாக, ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதியில் நின்று, வேல்ஸ்காரர்களுக்கும் அயர்லாந்துக்காரர்களுக்கும் தொண்டை கட்டும்வரை கத்தியதாகச் சொல்வார். “வடக்கத்தி ஆட்டக்காரர்கள் எனக்குப் புதியவர்கள் இல்லை, தம்பி. அப்போது அவர்களுக்காகக் கத்தினேன், இப்போது அவர்களுக்கு எதிராகக் கத்துகிறேன், அவ்வளவுதான்” என்றார், மன்ஸ்டரை வென்ற மறுநாள். அதே மைதானத்தில், விரும்பிய இருக்கையில் பேரனோடு அமர்ந்து ஷார்க்ஸின் கறுப்புச் சட்டையை அணிந்துகொண்டு அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தார்.

வடக்கு நமக்கு அந்நியம் என்ற வாதம் என்னிடம் முதலில் தளர்ந்தது அந்தச் சொல்லில்தான். எதிரணியின் மீது பகை வளர நூறாண்டு வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான்கு ஆண்டுகள் போதும் என்று பார்த்துவிட்டோம். 2022-இல் முதல் கோப்பையை ஸ்டார்மர்ஸ் வென்றது. மறு ஆண்டு கேப்டவுனில் ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அதே ஸ்டார்மர்ஸை 19-14 என்று மன்ஸ்டர் வீழ்த்தியது. 2024-இல் பிரிட்டோரியாவின் லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்ட் மைதானத்தில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கும் மேலான அந்த மெல்லிய காற்றில், 13-0 என்று பின்தங்கியிருந்த கிளாஸ்கோ எழுந்துவந்து புல்ஸை 21-16 என்று வென்றது. அந்த இரவில் பிரிட்டோரியா நண்பர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றும் பேசாமலே சிறிது நேரம் இருந்துவிட்டு வைத்துவிட்டார். ஸ்காட்லாந்து அணி ஒன்றின்மீது ஒரு புல்ஸ் ரசிகனுக்கு இத்தனை வலி இருக்கும் என்று 2019-இல் யாரும் சொல்லியிருக்க முடியாது.

உடலும் வடக்கைத்தான் விரும்புகிறது. நியூசிலாந்து நம்மைவிடப் பத்து, பதினோரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நான்கு வாரம் அங்கே சுற்றிவிட்டுத் திரும்பும் ஆட்டக்காரனின் தூக்கம் ஒரு மாதத்துக்குச் சீராகாது. டப்ளினுக்கும் டர்பனுக்கும் கோடையில் ஒரு மணி நேரம், குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம், அவ்வளவே வித்தியாசம். இரவு விமானத்தில் ஏறினால் காலையில் இறங்கலாம். கால் வீங்கும், ஆனால் கடிகாரம் குழம்பாது. ரசிகனும் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. பணத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள், நான் பேசப்போவதில்லை. ஒளிபரப்பாளர்கள் எந்த நேரத்தில் மக்கள் விழித்திருக்கிறார்களோ அந்த நேரத்துக்குத்தான் விலை கொடுப்பார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்தே வருகிறது.

குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2023 ஏப்ரலில் அயர்லாந்தின் லென்ஸ்டர் தன் முன்னணி ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு இளைஞர்களைப் பிரிட்டோரியாவுக்கு அனுப்பி, 62-7 என்று தோற்றுப்போனது. 2024 ஏப்ரலில் அதையே புல்ஸ் செய்தது: சனிக்கிழமை பிரிட்டோரியாவில் பிரான்சின் லியோனை வென்றுவிட்டு, ஆறு நாளில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் சாம்பியன்ஸ் கோப்பைக் காலிறுதி ஆட வேண்டியிருந்தபோது, இரண்டாம்தர அணியை அனுப்பி 59-22 என்று தோற்றது. காலிறுதிக்கு இரண்டாம்தர அணியை அனுப்ப வேண்டிய நிலை ஒரு கோப்பைக்கு அவமானம் என்று ஐரோப்பிய ரசிகர்கள் கோபித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. சீட்டு வாங்கி, குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறவனுக்கு இரண்டு நாட்டு அணிகளும் கடன்பட்டிருக்கின்றன. அட்டவணை போடுகிறவர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல் இது. தீர்க்காமல் இருப்பதுதான் தவறு.

வேல்ஸ் ரசிகர்களின் குரல் வேறு வகை. அவர்களுக்குக் கடல் கடந்த அணிகளே வேண்டாம், பக்கத்து இங்கிலாந்து வேண்டும். கார்டிஃபிலிருந்து பிரிஸ்டலுக்குக் காரில் ஒரு மணி நேரம். காலையில் கிளம்பி ஆட்டம் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். 1998-இல் கார்டிஃபும் ஸ்வான்சீயும் தங்கள் நாட்டு யூனியனோடு முறித்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் இங்கிலாந்தின் கிளப்புகளோடு நட்பு ஆட்டங்கள் ஆடின என்பதை வைத்துப் பார்த்தால் இந்த ஆசைக்கு எவ்வளவு வயது என்று தெரியும். எதிரணி ரசிகர்கள் பேருந்துகளில் வந்து இறங்குவது ஒரு லீகுக்கு உயிர் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; கிங்ஸ் பார்க்கில் அன்று மன்ஸ்டர் சிவப்பு அங்கங்கே தெரிந்ததே தவிர ஒரு கூட்டமாக இல்லை. ஆனால் அவர்களுக்கு அண்டை வீடு என்று ஒன்று இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு அண்டை நாடே இல்லை: சிட்னிக்குப் போனாலும் லண்டனுக்குப் போனாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆக நான் வடக்குக் கட்சி. ஆனால் அன்று நெருப்பைச் சுற்றி நின்ற யாரும், நான் உட்பட, கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது.

பழைய தெற்கு லீகான சூப்பர் ரக்பியின் காலத்தில் டர்பன்காரர்கள் இன்றும் மறக்காத ஆட்டம் எது என்று கேளுங்கள். குருசேடர்ஸ் என்றோ புளூஸ் என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். 2007 மே 19, கிங்ஸ் பார்க், இறுதிப்போட்டி என்பார்கள். 19-13 என்று ஷார்க்ஸ் முன்னணியில் இருக்க, நேரம் முடிந்த பிறகும் உயிரோடு இருந்த பந்தை எதிரணியின் பிரையன் ஹபானா கோட்டைக் கடந்து கொண்டுபோய் வைத்தார். டெரிக் ஹௌகார்டின் உதை 20-19 என்று முடித்தது. வென்றது நியூசிலாந்து அணியன்று. எட்டு மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கும் பிரிட்டோரியாவின் புல்ஸ். அதுபோலவே வடக்கு லீகின் முதல் இறுதிப்போட்டியும் கேப்டவுனில் ஸ்டார்மர்ஸுக்கும் புல்ஸுக்கும் இடையில் 18-13 என்று முடிந்தது. கடல் கடந்த லீக் எதுவானாலும், அதை ரசிகனின் நெஞ்சில் எரியவைத்த விறகு உள்ளூரில் வெட்டியது. அந்த விறகுக் காடுதான் தென்னாப்பிரிக்காவின் உள்ளூர் அணிகள் தங்களுக்குள் ஆடும் கர்ரி கோப்பை.

அந்தக் கோப்பையே கடல் வழியாக வந்தது என்பது கப்பல் துறையில் இருக்கும் எனக்கு எப்போதும் வியப்பு. காசில் லைன் கப்பல் நிறுவனத்தின் உரிமையாளர் டொனால்ட் கர்ரி, 1891-இல் பிரித்தானிய அணியின் கையில் அதைக் கொடுத்தனுப்பினார். தங்களோடு மிகச் சிறப்பாக ஆடிய அணிக்குத் தரச் சொன்னார். கிம்பர்லியின் கிரிக்வாலாந்து வெஸ்ட் அணிக்கு அது கிடைத்தது. இன்று பெரிய அணிகளின் முதல்தர ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல், பருவத்தின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட சில வாரங்களில் அது நடக்கிறது. ஆனாலும் 2022-இல் நெல்ஸ்புரூட்டின் பூமாஸ் வென்றது. 2025 செப்டம்பரில் அதே கிம்பர்லியின் கிரிக்வாஸ், ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கிலேயே லயன்ஸை 27-25 என்று வென்று, 1970-க்குப் பிறகு முதன்முறையாக அதை வீட்டுக்குக் கொண்டுபோனது. ஐம்பத்தைந்து ஆண்டு காத்திருந்த ஓர் ஊருக்கு டப்ளினும் வேண்டாம், கிரைஸ்ட்சர்ச்சும் வேண்டாம்.

இனி, வழியை முதலில் வெட்டிய இருவருக்கு வருகிறேன். சதர்ன் கிங்ஸ் ஆடிய கிழக்கு கேப் மாகாணம் கறுப்பின மக்களின் ரக்பிக்குத் தொட்டில்; உலகக் கோப்பையை இருமுறை உயர்த்திய சியா கொலிசி, போர்ட் எலிசபெத்தின் ஸ்விடே குடியிருப்பில் பிறந்தவர். அந்த அணி 2020-இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு மாகாணத்துக்கு லீகில் இன்று ஓர் அணிகூட இல்லை. சீட்டாஸ் கலைக்கப்படவில்லை, பெரிய நான்கு வந்தபோது வெளியே தள்ளப்பட்டது. அந்த அணி 2019-இல் கர்ரி கோப்பையை வென்றிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அயர்லாந்துத் தீவின் அல்ஸ்டரை 63-26 என்று துவைத்திருந்தது. தென்னாப்பிரிக்கா போனதால் திக்கற்றுப்போன இன்னொருவர் அர்ஜென்டினாவின் ஹகுவாரெஸ்: 2019-இல் சூப்பர் ரக்பியின் இறுதிப்போட்டி வரை வந்த அணி, ஆடுவதற்கு லீக் இல்லாமல் சிதறி, அதன் ஆட்டக்காரர்கள் ஐரோப்பா எங்கும் பிழைக்கப் போனார்கள். ஓர் அணி லீக் மாறும்போது அந்த அணியின் ரசிகர்கள் மட்டுமே விவாதிக்கிறார்கள். வாசலில் விடப்பட்டவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

வெல்ஷ் ரக்பி யூனியன் 2025 அக்டோபரில் தன் நான்கு தொழில்முறை அணிகளை மூன்றாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அங்கே ஓர் ஊர் தன் அணியை இழக்கும் என்பது எனக்கு வேதனைதான். அந்த வலியை யாரும் வாய்ப்பாகப் பார்க்கக் கூடாது. ஆனால் லீகில் ஓர் இடம் உண்மையிலேயே காலியானால், அதை யாருக்குத் தருவது என்று பேசுமுன் முதல் அழைப்பு புளூம்ஃபோன்டைனுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கர்ரி கோப்பைக்கும் ஆண்டில் சில வாரங்கள், பெரிய அணிகள் தங்கள் முழு பலத்தோடு இறங்கும் வாரங்களாக, யாரும் கைவைக்காமல் ஒதுக்கப்பட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே செப்டம்பரிலிருந்து ஜூன் வரை லீகும் அதன்பின் நாட்டுக்காகவும் ஆடி ஓய்வின்றித் தவிக்கிறார்கள் என்பது தெரியும். லீகின் சுற்றுகளில் சிலவற்றைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

2024-இன் குளிர்காலத்தில் கர்ரி கோப்பை ஆட்டம் ஒன்றைப் பார்க்க நான் புளூம்ஃபோன்டைனுக்குக் காரில் போயிருந்தேன். ஹாரிஸ்மித்தைக் கடந்த பிறகு இரண்டு பக்கமும் காய்ந்த மக்காச்சோளத் தாள்களே நெடுந்தூரம் கூட வந்தன. மைதானத்தில் பாதிக்கு மேல் காலி. குளிரில் மூச்சு வெண்புகையாக வெளியே வந்தது. எனக்கு முன்வரிசையில், சாயம் போன ஆரஞ்சுச் சட்டையின் மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு முதியவர், ஃபிளாஸ்கிலிருந்து காபியை மூடியில் ஊற்றிப் பேத்திக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான சேலஞ்ச் கோப்பையில் அழைப்பின் பேரில் ஆட சீட்டாஸுக்கு அனுமதி கிடைத்திருந்தது. சொந்த மைதான ஆட்டங்களை மட்டும் ஐரோப்பாவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில், முதலில் இத்தாலியின் பார்மாவிலும் பின்பு நெதர்லாந்திலும் ஆடி வந்தார்கள். அது எனக்கு நினைவில்லாமல், டிசம்பரில் சேலஞ்ச் கோப்பை ஆட்டத்துக்கு மறுபடி வரலாம் என்ற எண்ணத்தில், அடுத்த சொந்த மைதான ஆட்டம் எப்போது ஐயா என்று அவரிடம் கேட்டேன்.

“டிசம்பரில்” என்றார் அவர். மூடியை வாங்கித் துடைத்து ஃபிளாஸ்கில் திருகிவிட்டு, “ஆம்ஸ்டர்டாமில்” என்றார்.